குரலுக்கும் ஒரு பதிப்பாசிரியர் வேண்டும்

விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலங்களுக்கு நடுவே அமைந்தது மங்களூர். பெயரைக் கேட்டவுடன் கன்னட நாட்டுக் கடற்கரை நகரமே பலர் நினைவுக்கு வரும். நாம் குறிப்பது கடலூர் மாவட்டத்து மங்களூரை. 2025ஆம் ஆண்டு, மர்ஹூம் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் நூற்றாண்டையொட்டி, இவ்வூரில் நண்பர்கள் சிலர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினோம். ஒரு காலத்தில் நிக்காஹ் வீடுகளுக்கும் கந்தூரி விழாக்களுக்கும் மைக் செட் வைத்துக் கொடுத்த முதியவர் ஒருவர், தகரப் பெட்டி நிறையத் தம் பழைய இசைத்தட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர், அப்பாடல்கள் புதுப்பொலிவுடன் வெளிவந்த ஒரு தொகுப்பைக் கொணர்ந்திருந்தார். உறை வழவழப்பானது, அட்டைப்படம் கண்ணைப் பறித்தது.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். பழைய தட்டில் ஊசி உரசும் ஓசை மழைத்தூறல் போல் இடைவிடாது கேட்டது. புதிய தொகுப்பில் அவ்வோசை அறவே இல்லை. ஆயினும் முதியவர் முகம் சுளித்தார்.

“ஐயா, ஒலி இவ்வளவு தெளிவாக இருக்கிறதே. பிறகு என்ன குறை?” என்று இளைஞர் வினவினார்.

“தெளிவு இருக்கிறது, தம்பி. ஆளைக் காணோமே!” என்றார் அவர்.

இவ்வொரு வாக்கியத்திலிருந்து எழுந்த வாதம் மஃரிபு நேரம் வரை நீண்டது. அந்த வாதத்தின் சாரத்தையும், அதனின்று நாம் அடைந்த முடிவையும் மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் ஆகிய மூவர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் இசைத்தட்டுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். மறைந்த பாடகர் ஒருவரின் பழைய பதிவை மீண்டும் வெளியிடுவது ஒரு பதிப்புப் பணி. ஆதலின் அது தமிழ்த்துறையின் கவலைக்கும் உரியது. இதுவே நம் கருத்து.

திண்ணையில் எழுந்த குறைகள்

முதியவர் சுட்டிய குறைகள் நான்கு. முதலாவது, இரைச்சலை நீக்கப் புகுந்தவர்கள் அதனோடு சேர்த்துப் பாடகரின் மூச்சையும் நீக்கிவிட்டனர். ஊசியின் உரசலும், சொல்லின் முடிவில் எழும் காற்றொலியும் பெரும்பாலும் ஒரே உச்ச அலைவரிசையில் வாழ்பவை. அளவறிந்து வடிகட்டினால் உரசல் தணியும்; அளவு மீறினால் குரல் பஞ்சில் பொதிந்தது போலாகும்.

இரண்டாவது, வேகம். மூல இசைத்தட்டு எந்தச் சுழற்சியில் பதிவாயிற்றோ அதே சுழற்சியில் இயக்கிப் படியெடுத்தால்தான் சுருதி சரியாக அமையும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினாலே சுருதி ஏறத்தாழ அரைச் சுரம் உயர்ந்துவிடும். உச்சத்தில் பாடும் ஆற்றலாலேயே முரசு எனப் பெயர் பெற்ற ஒருவருக்கு, அவர் பாடாத சுருதியைச் சுமத்துவது புகழ்ச்சியாகாது.

மூன்றாவது, பாடலுக்குப் பின்னே புதிதாக மின்னிசைக் கருவிகளை ஒலிக்கச் செய்திருந்தனர். பழைய வாசிப்பு எது, புதிய ஒட்டு எது என்பதற்கு உறையில் ஒரு சொல்லும் இல்லை.

நான்காவது குறையே நம்மை மிகவும் வருத்தியது. பாடலை எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், எந்த ஆண்டில் எந்த எண்ணிட்ட தட்டாக அது முதலில் வெளிவந்தது என்னும் செய்திகளுள் ஒன்றுகூட அத்தொகுப்பில் இல்லை. முதியவரின் தட்டிலோ, மங்கிய எழுத்திலேனும், பெயர்கள் இருந்தன. வெளியிட்டவர் பெயரை நாம் இங்கே கூறப் போவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதால் பயனில்லை. இக்குறை தமிழகத்தில் பலரிடமும் பரவிக் கிடப்பதாகும்.

இளைஞரும் தம் பக்கத்தைத் தெளிவாகவே எடுத்துரைத்தார். பழைய தட்டை இயக்கும் கருவி இன்று எத்தனை இல்லங்களில் உண்டு? இத்தொகுப்பு இல்லையேல் தம் தலைமுறைக்கு அக்குரலே எட்டியிராது. குறையுடைய மறுவெளியீடு, அறவே மறைந்து போவதினும் மேலன்றோ? இவ்வினாவைத் தள்ளிவிட இயலாது. அதற்கு விடை காண்பதற்கு முன், பிற நாட்டார் இத்துறையில் கண்ட நன்மை தீமைகளையும் சற்று நோக்குதல் நலம்.

ஒரே தொகுப்பு, மூன்று மறுவெளியீடுகள்

அமெரிக்கப் பாப் இசைப் பாடகர் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ என்னும் தொகுப்பு 1982 நவம்பரில் வெளிவந்தது. மூலத்தில் உள்ளவை ஒன்பது பாடல்களே. அவை 2001இல் சிறப்பு வெளியீடாகவும், 2008இல் இருபத்தைந்தாம் ஆண்டு வெளியீடாகவும், பாடகர் 2009 ஜூன் 25இல் மறைந்த பின் 2022இல் நாற்பதாம் ஆண்டு வெளியீடாகவும் மீண்டும் மீண்டும் விற்பனைக்கு வந்தன. ஒரே சரக்கை ஒரே அன்பரிடம் நான்கு முறை விற்கும் வணிகத் தந்திரம் என்று இதனைக் கடிந்துரைப்போர் உண்டு. அக்கடிதலில் உண்மையும் உண்டு.

ஆயினும் இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. 2001ஆம் ஆண்டு வெளியீட்டில், தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ், பாடலாசிரியர் ராட் டெம்பர்டன் ஆகியோரின் நேர்காணல்கள் இடம்பெற்றன. பாடகர் 1981இல் தம் வீட்டில் வைத்துப் பதிந்த முதற்படி ஒன்றும் சேர்க்கப்பட்டது. சொற்கள் முழுமையாக அமையாத நிலையில், ஒரு பாடல் கருக்கொள்ளும் காட்சியை அதில் செவியால் காணலாம். 2008ஆம் ஆண்டு வெளியீடோ, அக்காலத்துப் புதுப்பாடகர் சிலரைக் கொண்டு பழைய பாடல்களை மாற்றியமைத்த வடிவங்களை முன்னிறுத்தியது. 2022இல் வந்ததில், மூலத் தொகுப்பு ஒரு தட்டிலும், முதற்படிகளும் வெளிவராத பாடல்களும் வேறொரு தட்டிலும் தனித்தனியே வைக்கப்பட்டன. முதலாவதும் மூன்றாவதும் பாடகரைப் பற்றிய நம் அறிவைப் பெருக்குபவை. இரண்டாவது, அவரது புகழைப் பிறர் பகிர்ந்துகொள்ள உதவுவது. ஒன்று ஆவணம், மற்றொன்று அலங்காரம்.

அன்பர்களின் செவி எத்துணைக் கூர்மையானது என்பதற்கும் இப்பாடகரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. அவர் மறைவுக்குப் பின் 2010இல் ‘மைக்கேல்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு வெளிவந்தது. அதிலுள்ள மூன்று பாடல்களின் குரல் அவருடையதன்று என்று அன்பர்கள் ஐயுற்றனர். வெளியிட்டோர் மறுத்தனர். அன்பர் ஒருவர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. முடிவில், 2022இல் அம்மூன்று பாடல்களும் இணைய இசைத் தளங்களிலிருந்து விலக்கப்பட்டன. குரல் யாருடையது என்று நீதிமன்றம் இறுதியாக வரையறுக்கவில்லை எனினும், பெரும் நிறுவனம் ஒன்றைத் தம் ஐயத்தால் அசைத்தவர்கள் எளிய ரசிகர்களே என்பதை மறுப்பார் இலர். மங்களூர்த் திண்ணையில் முகம் சுளித்த முதியவரும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே.

நம்மிடம் இருப்பது என்ன?

இனி நம் இல்லத்திற்குத் திரும்புவோம். 1925 டிசம்பர் 25ஆம் நாள் பிறந்து 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த ஹனிபா அவர்கள், இசைத்தட்டுக் காலத்திலும் ஒலிநாடாக் காலத்திலும் குறுந்தகட்டுக் காலத்திலும் ஒலித்தவர். இசுலாமியப் பாடல்களால் மட்டுமன்றித் திராவிட இயக்க மேடைகளாலும் தமிழகம் முழுதும் அறியப்பட்டவர். 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராசன் அவர்களோடு இணைந்து பாடியவர். இத்தகையவரின் பதிவுகள் அனைத்துக்கும் ஆண்டு, எண், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியவற்றைக் குறித்த முழுமையான அட்டவணையை நம் கல்லூரி நூலகத்தில் தேடினோம், கிடைக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தையும் அடையாளம் காணும் குரலின் வரலாறு, முதியவர்களின் நினைவிலும் தகரப் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கிறது.

ஒரு சான்று போதும். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடலை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. பிற சமயத்தாரும் அதனை உவந்து கேட்பர். அதனை எழுதியவர் யார் என்று நம் வகுப்பறையில் வினவினோம். “ஹனிபா” என்றே பலரும் விடையிறுத்தனர். அப்பாடலை இயற்றிய கவிஞர் கிளியனூர் ஆர். அப்துல் சலாம் ஆவார். பாடியவரின் புகழ் பாடலாசிரியரை மறைத்துவிட்டது எனப் பாடகர் மீது பழி கூறுவது முறையன்று. உறையின் பின்புறத்தில் ஒரு வரி இடம் ஒதுக்கத் தவறிய நம் சோம்பலே அதற்குக் காரணம். இலக்கிய வரலாற்றில் நூலாசிரியர் பெயர் தெரியாத பாடல்களைக் கண்டு இரங்குகிறோம். நம் கண்ணெதிரே, நம் காலத்திலேயே, பெயர் தெரியாத புலவர்களை நாமே உண்டாக்கி வருகிறோமே, இதற்கு என்ன சொல்வது?

பதிப்பு மரபு கற்பிக்கும் பாடம்

தமிழுக்குப் பதிப்பு நெறி புதிதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைச் சுவடியிலிருந்து அச்சுக்கு 1842இல் கொணர்ந்தார் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தார். தமக்கு விளங்காத சொல் ஒன்று வந்தால், விளங்கும் சொல் ஒன்றை அவ்விடத்தில் இட்டு நிரப்பிவிடவில்லை. ஏடு சிதைந்த இடத்தைச் சிதைவு என்றே காட்டினார். கம்பராமாயணப் பதிப்புகளில், கம்பர் வாக்கென்று துணியப்படாத செய்யுட்களை ‘மிகைப்பாடல்கள்’ எனத் தனியே பிரித்து வைக்கும் வழக்கமும் உண்டு. அவை அழிக்கப்படவில்லை, மூலத்தோடு கலக்கப்படவும் இல்லை.

இசைத்தட்டுக்கு இந்நெறியைப் பொருத்திப் பாருங்கள். மூலநாடாவும் முதல் தட்டும் ஏட்டுச்சுவடிக்கு நிகர். ஒரே பாடலை ஒருவர் வெவ்வேறு காலத்தில் இருமுறை பதிந்திருந்தால் அவை பாடவேறுபாடுகள். முதற்படிகளும் வெளிவராத பதிவுகளும் மிகைப்பாடல்கள். பின்னாளில் ஒட்டிய மின்னிசை இடைச்செருகல். கீறலை மறைக்கக் குரலையே தேய்ப்பது, விளங்காத சொல்லை அழித்துவிட்டுப் புதுச்சொல் எழுதுவதற்கு ஒப்பாகும்.

நம் மார்க்க அறிஞர்கள் வளர்த்த கலை ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு செய்தியை ஏற்பதற்கு முன், அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் மரபு அது. புனிதமான அக்கலையோடு பாட்டை ஒப்பிடும் துணிவு நமக்கில்லை. ஆனால் “இது உன் கைக்கு எப்படி வந்தது?” என்று கேட்கும் பழக்கத்தை அம்மரபில் வளர்ந்த நாம், நம் செவிக்கு வரும் குரலிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை?

இசை குறித்து நம் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். அவ்வாராய்ச்சிக்குள் இங்கே நாம் புகவில்லை. இசையை விரும்பாதவரும், அப்பாடல்களின் சொற்கள் ஒரு நூற்றாண்டுத் தமிழ் முஸ்லிம் வாழ்வின் ஆவணம் என்பதை ஏற்பர். சமுதாயப் பெரியோர் அந்த அளவில் இதற்கு ஆதரவு நல்கினால் போதும்.

விருத்தாசலத்து அச்சுகள்

இம்மண்ணின் தொழில் ஒன்று இக்கருத்தை நமக்கு எளிதில் விளக்கும். விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே பொம்மை வார்ப்போர் முதலில் ஒரு மூல உருவம் செய்வர். அதிலிருந்து தாய் அச்சும், தாய் அச்சிலிருந்து வேலைக்குரிய பிளாஸ்டர் அச்சுகளும் எடுப்பர். களிமண் கூழை அச்சில் ஊற்றினால், பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, ஓரத்தில் களிமண் தோல் போலப் படியும். மிகுந்த கூழை வடித்துவிட்டு, இறுகியதும் பொம்மையை வெளியே எடுத்து, உலர்த்திச் சூளையில் இடுவர். ஒரே அச்சில் மேலும் மேலும் வார்த்தால் அச்சின் முகம் தேயும். பொம்மையின் மூக்கு மழுங்கும்; கண்ணிமைக் கோடு மறையும். அப்போது தேர்ந்த தொழிலாளி மழுங்கிய பொம்மைக்குத் தூரிகையால் கண் வரைவதில்லை. தாய் அச்சிடம் திரும்புகிறார்.

இசைத்தட்டு ஆலையிலும் இதே முறைதான். முதலில் வெட்டிய தட்டிலிருந்து உலோகப் படியும், அதிலிருந்து ‘தாய்’ என்றே பெயர்பெற்ற மற்றொரு படியும், அதிலிருந்து அழுத்தும் அச்சுத் தகடுகளும் எடுக்கப்பட்டன. தாயிடம் திரும்பாமல், தேய்ந்த ஒலிநாடாவிலிருந்து படியெடுத்து, அதன் மழுக்கத்தைக் கணிப்பொறியால் பூசி மறைக்கும் மறுவெளியீடு, மழுங்கிய பொம்மைக்குக் கண் வரைவதே ஆகும். தாய் அழிந்துவிட்டதாயின் என் செய்வது? கிடைத்தவற்றுள் தேயாத தட்டைத் தேட வேண்டும். அத்தட்டு ஏதேனும் ஓர் ஊரில், ஏதேனும் ஒரு மைக் செட் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கும்.

மறைந்தவர் மீண்டும் பாடும்போது

இதனினும் கடியதொரு வினா இப்போது நம் வாயிலில் நிற்கிறது. ‘ஜென்டில்மேன்’ (1993), ‘காதலன்’ (1994) முதலிய படங்களின் பாடல்களால் தமிழ் இளைஞர்களைக் கவர்ந்த ஷாகுல் ஹமீது இளமையிலேயே சாலை விபத்தில் மறைந்தார். 2022 செப்டம்பரில் பம்பா பாக்யா மறைந்தார். இவ்விருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் துணையால் உருவாக்கி, 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்துக்கான ‘திமிரி எழுடா’ பாடலில் ஏ.ஆர். ரகுமான் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதாகவும், உரிய ஊதியம் வழங்கியதாகவும் அவர் வெளிப்படையாக அறிவித்தார். அதே காலத்தில், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களின் குரலைத் தம் இசைவின்றி இவ்வாறு உருவாக்கித் தெலுங்குப் படம் ஒன்றில் பயன்படுத்தினர் என்று அவர்தம் மகன் சட்ட அறிவிக்கை அனுப்பினார்.

இசைவும் ஊதியமும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவற்றைக் கடைப்பிடித்தோர் பாராட்டுக்குரியர். ஆயினும் அவை மட்டும் போதுமா? பாடகர் ஒருவர் ஒரு பாடலை ஏற்பதும் மறுப்பதும் அவர்தம் உள்ளத்தின் செயல். ஹனிபா அவர்கள் எந்தப் பாடலைப் பாட இசைந்தார், எதை மறுத்தார் என்பதும் அவர் வாழ்வின் பகுதியே. மறைந்தபின் அவர் குரலைக்கொண்டு எதையும் பாடச் செய்யலாம் என்றால், நாளை அவர் கொள்கைக்கு மாறான சொல்லும் அக்குரலில் ஒலிக்கக்கூடும். கேட்கும் பேரக்குழந்தைக்கு எது மெய், எது போலி என எவர் உரைப்பர்? ஆதலின் இவ்வாறு உருவானவற்றை வெளியிடும்போது, “இது இன்னார் பாடியதன்று, இன்னாரின் குரலைப் போல உருவாக்கியது” என்று எழுத்திலும் அறிவிப்பிலும் குறிப்பிட வேண்டும். மறுவெளியீட்டுத் தொகுப்பில் மூலப் பாடல்களோடு அவற்றைக் கலத்தல் எவ்வாற்றானும் கூடாது.

சட்டமும் இத்திசையில் ஓரளவு துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், தம் நிகழ்த்துகை தம் பெயரால் அறியப்பட வேண்டும் எனக் கோரும் உரிமையையும், தம் பெயருக்கு ஊறு விளைக்குமாறு அது திரிக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையையும் பாடுவோர்க்கு வழங்கியது. ஒலிப்பதிவின் உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். எனவே 1960ஐ ஒட்டிய தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. ஆனால் அப்பாடலை எழுதிய கவிஞருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய உரிமை, அவரவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். பழைய தட்டு என்பதால் உரிமையற்ற பொருள் என எண்ணுதல் பிழை. கவிஞரின் பெயரை அறியாமல் அவர்தம் மக்களுக்கு உரியதை எங்ஙனம் வழங்குவது?

நாம் வேண்டுவன

இளைஞரின் வினாவுக்கு இனி விடை கூறலாம். குறையுடைய மறுவெளியீடு, மறைந்து போவதினும் மேல் என்பதை ஏற்கிறோம். ஆனால் நிறைவான மறுவெளியீடு செய்வதற்கு மிகுந்த பொருட்செலவு வேண்டும் என்பதை ஏற்கமாட்டோம். வழவழப்பான உறைக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியே போதும். மூலப்பதிவை மாற்றாமல் முதலில் தருக. இரைச்சலை நீக்கிய வடிவத்தை வேண்டுமாயின் அதனருகே வைக்க. புதிய இசை கூட்டிய வடிவத்துக்கு வேறு தலைப்பும் வேறு தட்டும் தருக. எந்தத் தட்டிலிருந்து, எந்த நாடாவிலிருந்து படியெடுக்கப்பட்டது எனக் குறிப்பிடுக. பாடலாசிரியர், இசையமைப்பாளர், கருவி இசைத்தோர் பெயர்களையும், முதல் வெளியீட்டு ஆண்டையும் எண்ணையும் அச்சிடுக. பாடல்களின் சொற்களைப் பிழையின்றி ஒரு சிறு நூலாக இணைக்க. இத்தகைய தொகுப்புக்கு இருமடங்கு விலை வைத்தாலும் அன்பர்கள் வாங்குவர், வாங்கிக் காப்பர்.

வணிகர்க்கு அறிவுரை கூறிவிட்டு நாம் கைகட்டியிருத்தல் முறையாகாது. இத்துறை மாணவர்களுக்கு ஒரு பணி காத்திருக்கிறது. மங்களூர் முதல் விருத்தாசலம் வரை, அவரவர் ஊரில் பழைய தட்டும் ஒலிநாடாவும் வைத்திருப்போரைச் சென்று காணுங்கள். தட்டின் நடுத்தாளிலுள்ள எண், பெயர், நிறுவனம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பாடல் வரிகளுக்கும் நடுத்தாளுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்ணையும் தவறாது குறியுங்கள். எந்தப் பதிவிலிருந்து அத்தட்டு வார்க்கப்பட்டது என்பதை அறிய அது உதவும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப் போல நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஒலிநாடாக்களை வெயிலும் ஈரமும் காந்தமும் அணுகாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பொருளை அவரிடமிருந்து பறித்து வராதீர்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அவர் கூறும் நினைவுகளையும் உடன் பதியுங்கள்.

ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் கோட்டையூரில் சேர்த்து வைத்த அச்சு நூல்களும் இதழ்களுமே, 1994இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. பிறர் பழந்தாள் என்று எண்ணியவற்றை அவர் பேணினார். இன்று ஆய்வாளர் பயன் கொள்கின்றனர். நம் ஊர்த் தகரப் பெட்டிகளுக்கும் அத்தகைய எதிர்காலம் அமையலாம். ஆனால் பெட்டியின் உரிமையாளர் மறைந்தபின், வீட்டை வெள்ளையடிக்கும் நாளில் அது பழைய இரும்புக்காரரிடம் சென்று சேருமாயின், எந்த நூலகமும் அதனை மீட்டுத்தர இயலாது.

மஃரிபு பாங்கொலி கேட்டதும் மங்களூரில் எங்கள் வாதம் நின்றது. முதியவர் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து உறையிலிட்டார். இளைஞர் தம் புதிய தொகுப்பின் பின்னட்டையில், வெற்றிடமாயிருந்த பகுதியில், ‘பாடலாசிரியர்’ என்று பேனாவால் எழுதி அருகே புள்ளிகள் இட்டார். பின்னர் முதியவரை நோக்கி, “ஐயா, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றார். ஏழு பாடல்களுக்குப் பெயர் கிடைத்தது. இரண்டு பாடல்களின் நடுத்தாள் கிழிந்திருந்தமையால் அவற்றின் பெயர் கிடைக்கவில்லை. அவ்விரண்டு பெயர்களையும் அறிந்தோர் இம்மலரைப் படிப்போரிடையே இருக்கக்கூடும். அவர்கள் நம் துறைக்கு ஒரு வரி எழுதுவார்களாக.